வற்றா ஆற்றலும் நம் மக்களின் உயர்கல்வியும்

(ஜீயபுரத்திற் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரியதரிசி அவர்கள் எமக்கு விடுத்த கடிதத்தில், இலக்கியத்தில் யாதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுமாறு பணித்திருந்தார்கள். தமிழாசிரியனை அழைப்போர் இலக்கியம் எதிர்பார்த்தல் இயல்பே. ஆயினும் இன்று யாம் அப்பணியினின்றும் சற்று விலகுகின்றோம், பொறுத்தருள வேண்டுகின்றோம். காரணம் யாதெனின், நம் சங்கத்தின் கல்விக் குழுவின்முன் ஒரு மனு முடிவுபெறாது கிடக்கின்றது. நம்மவருள் ஒரு குடும்பத்துப் பெண், மின்னியல் பொறியியலிற் பட்டம் பெற்றவள், ஆற்றற் பொறியியல் என்னும் துறையில் மேற்பட்டம் பயில இடம்பெற்று, முதலாண்டுச் செலவிற்கு உபகாரச் சம்பளம் வேண்டி எழுதியிருக்கின்றாள். குழுவினருள் யாமும் ஒருவர். சென்ற முறை கூடியபோது அம்மனுவைக் குறித்து மூன்று வினாக்கள் எழுந்தன. இஃது என்ன படிப்பு? இதனைப் படித்தால் சோறு கிடைக்குமா? பெண்பிள்ளை மாடி மாடியாக ஏறிப் பலகை பூட்டுவதற்கா சங்கத்துப் பணம்? வினாக்கள் நேர்மையானவையே. ஆனால் விடை கூற அங்கிருந்தோர் எவராலும் இயலவில்லை, எம்மாலும் இயலவில்லை. ஆதலின் இரண்டு திங்களாக யாம் படித்தும் கற்றோரை வினவியும் அறிந்தவற்றை உங்கள்முன் வைக்கின்றோம்.

எம்மைத் தூண்டிய காரணம் பிறிதொன்றும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. பதினைந்து ஆண்டுகட்குமுன் எம் வகுப்பிற் பயின்ற மாணாக்கன் ஒருவன், ஆரல்வாய்மொழிப் பக்கம் உறவினர் வீட்டுக்குச் சென்று திரும்பியவன், காற்றாலைகளைப்பற்றிப் படிக்க வேண்டும் என்று எம்மிடம் வந்து நின்றான். "காற்றை நம்பி வாழ்வோரும் உண்டோ? கணினி படி" என்று யாம் அவனை அனுப்பிவிட்டோம். அவனும் அவ்வாறே படித்தான்; தொலைவிலுள்ள நகரொன்றில் வேலையிலும் இருக்கின்றான். சென்ற பொங்கலுக்கு வந்தபோது, குறை கூறும் குரலிலன்றி, அறிந்துகொள்ளும் விருப்பத்தோடு எம்மைக் கேட்டான்: "ஐயா, அன்றைக்கு நீங்கள் அந்தப் படிப்பைப்பற்றி யாரிடமாவது விசாரித்துத்தான் சொன்னீர்களா?" யாம் எவரையும் விசாரிக்கவில்லை என்பதே உண்மை.

இனிப் பொருளுக்கு வருவோம். தமிழ்ப் புலவனாகிய எம்மை முதலில் உறுத்தியது இத்துறையின் பெயர். மைய அரசு 1982 ஆம் ஆண்டில் இதற்கென ஒரு துறை ஏற்படுத்தியபோது 'மரபுசாரா எரிசக்தி' என்னும் பொருள்படப் பெயரிட்டது. 1992 இல் அத்துறை தனி அமைச்சகமாயிற்று. 2006 இல் 'புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம்' எனப் பெயர் மாறியது. வெயிலும் காற்றும் புனலும் எவ்வாறு மரபுசாராதன ஆகும்? புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடுமிடத்து, அவன் முன்னோன் ஒருவன் காற்றின் தொழிலைத் தன்வயப்படுத்திக் கடலிற் கலம் செலுத்தியமையைக் குறிக்கின்றார். நெல்லைக் காயவைப்பதும் களத்திற் பதர் தூற்றுவதும் ஞாயிறும் வளியும் செய்யும் தொழில்களே. நிலக்கரியன்றோ நேற்று வந்தது! 'புதுப்பிக்கத்தக்க' என்னும் சொல்லும் எமக்கு நிறைவளிப்பதன்று. ஞாயிற்றை நாம் புதுப்பிப்பதில்லை. எடுக்க எடுக்கக் குறையாமையே இவற்றின் இயல்பாதலின் 'வற்றா ஆற்றல்' என்று யாம் கூறுவோம். மற்றவர் விரும்பியவாறு கூறுக.

குறையாமை என்பதை ஜீயபுரத்தார்க்கு விளக்குதல் எளிது. மேட்டூர் அணை 1934 இல் முடிந்தது. அதன் மின்னிலையம் 1937 இல் இயங்கத் தொடங்கியது. அணையினின்று இறங்கும் நீர் அங்கு உருளையைச் சுழற்றியபின், செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை முதலிய இடங்களில் உயரம் குறைந்த தடுப்பணைகளில் மீண்டும் மீண்டும் உருளைகளைச் சுழற்றி, பின்னரே முக்கொம்பு வந்து காவிரியும் கொள்ளிடமுமாகப் பிரிகின்றது. இத்தனை வேலை செய்தபின்னும் அந்நீர் நம் வாழைக்குப் பாய்கின்றது. சிறிய வீழ்ச்சியைக்கொண்டு பெரிய உருளையைச் சுழற்றுவது எங்ஙனம் என்பது இப்படிப்பில் ஒரு பாடம்.

'சூரியப் பலகையை வாங்கி மாட்டிவிட்டால் மின்சாரம் வருகின்றது. இதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு?' என்று ஒருவர் எம்மைக் கேட்டார். அவர்க்கு விடையாக, இவ்வூரிலேயே நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம். நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் தம் மாடியிற் பலகைகள் பொருத்தினார். காலையில் நன்றாக விளைந்த மின்சாரம் பிற்பகலில் திடீரெனக் குன்றியது. வெயிலோ தகதகவென்று காய்கின்றது! பொருத்திக் கொடுத்தவர்கள் இருமுறை வந்து, துடைத்துப் பார்த்து, பொறியை மாற்ற வேண்டும் என்று கூறிச் சென்றனர். அப்பொழுது மனுச் செய்த அப்பெண் ஒருநாள் மாலை அங்குச் சென்று, மூன்றரை மணி முதல் ஒரு நாழிகை மாடியிலேயே நின்று பார்த்தாள். அடுத்த தோட்டத்துத் தென்னையின் மட்டை ஒன்றின் நிழல், ஒரு சாண் அகலம்கூட இல்லாதது, ஓரத்துப் பலகையின்மேல் விழுந்துகொண்டிருந்தது. "தாத்தா, பொறியில் குற்றமில்லை; இந்த நிழல்தான்" என்றாள்.

ஒரு சாண் நிழல் மாடி முழுவதையும் எவ்வாறு கெடுக்கும்? உய்யக்கொண்டான் பாசனத்தார் இதனை எளிதில் உணர்வீர்கள். பலகையிலுள்ள சிலிக்கன் கண்ணறைகள் ஒரே வாய்க்காலில் வரிசையாக அமைந்த மதகுகள் போல்வன. ஒன்றின் வழியே ஓடும் மின்னோட்டமே அடுத்ததன் வழியும் ஓடவேண்டும். ஒரு மதகு அடைபட்டால் மற்றவை திறந்திருந்தும் நீர் கீழே செல்லாது. அன்றியும், அடைபட்ட அக்கண்ணறை மின்சாரத்தைத் தருவதை விடுத்துப் பிற கண்ணறைகள் தந்ததை உண்டு சூடேறுகின்றது. நாளடைவிற் கருகுதலும் உண்டு. இதனைத் தடுக்கவே பலகையின் பின்புறம் மாற்றுவழிக் கால்வாய்போல டையோடு என்னும் உறுப்பை வைக்கின்றனர். அடைபட்ட பகுதியை விடுத்து மின்னோட்டம் அவ்வழியே சுற்றிச் செல்லும். எந்தப் பலகையை எதனோடு கோப்பது, எவ்விடத்தில் எந்தத் திங்களில் எந்த நேரத்தில் நிழல் விழும் என்பவற்றைப் பூட்டுமுன்னரே கணக்கிட்டு அறிதல் வேண்டும். அக்கணக்கே கல்வி, பூட்டுதல் அதன்பின் வரும் கைத்தொழில். இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

இன்னொன்றையும் கூறுதல் வேண்டும். திருச்சிராப்பள்ளி வெயிலுக்குப் பெயர்பெற்றது. ஆதலால் இங்கே சூரிய மின்சாரம் மிகுதியாக விளையும் என்று எண்ணுகின்றோம். ஒளி மிகுதிதான், ஆனால் வெப்பம் பகை. உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே பலகை மின்சாரமாக்கும். அதுவும் பலகையின் வெப்பம் 25 பாகையாக இருக்குங்கால். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை விளைச்சல் குறையும். சித்திரை வெயிலில் நம் மாடிப் பலகை 60 பாகையைத் தொடுமாயின், பத்தில் ஒரு பங்கிற்குமேல் இழப்பு. பலகையின் அடியிற் காற்றோட இடம்விட்டு உயர்த்திக் கட்டுவது அதனாலேயே. குளிர்நாட்டு நூலைப் பார்த்து நம் ஊரிற் கட்டுவோர் இதில் தவறுகின்றனர். நம் வெயிலைக் கணக்கிடுதற்கு நம் பிள்ளைகளே வேண்டும் என்று யாம் கருதுகின்றோம்.

காற்றின் கணக்கோ இதனினும் வியப்புடையது. காற்றின் வேகம் இருமடங்கானால் ஆற்றல் எண்மடங்காகும். அதனாற்றான் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றுக்கு அத்துணை மதிப்பு. எவ்வளவு திறம்படச் செய்தாலும் வீசும் காற்றின் ஆற்றலில் நூற்றுக்கு 59 பங்குக்குமேல் எந்தப் பொறியாலும் எடுக்க முடியாது என்பதை ஆல்பர்ட் பெட்சு என்னும் செருமானிய அறிஞர் 1920 இல் நிறுவினார். முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று அங்கேயே நின்றுவிடும். நின்ற காற்று பின்வரும் காற்றுக்கு வழிவிடாது. தமிழ்நாட்டிற் காற்றாலைகளின் திறன் இன்று 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது. ஆனால் அக்காற்று வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையே மிகுதி, பின்னர் ஒடுங்கும். வெயிலோ மாலையில் மறையும். நாம் விளக்கேற்றுவதோ மாலையிலே. மிகுந்தபோது சேர்த்துக் குறைந்தபோது வழங்குவதே இன்றைய பெருஞ்சிக்கல். ஆனைமலைப் பகுதியில் காடம்பாறையில், மின்சாரம் மிகுந்த நேரத்தில் கீழ்நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, வேண்டும் நேரத்தில் இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கின்றனர். நெல்லைக் குதிரிற் சேர்ப்பதுபோல மின்சாரத்தை மலைமேற் சேர்க்கின்றனர் என்க. இத்தகைய குதிர்களை எங்கே எவ்வாறு கட்டுவது என்பது இன்னும் பல தலைமுறைக்கு வேலை கொடுக்கும் வினா.

நம் வாழையையும் மறத்தல் ஆகாது. தார் வெட்டியபின் மரத்தை வரப்பில் தள்ளி அழுகவிடுகின்றோம். அதனை எரித்து மின்சாரம் எடுக்கலாகாதோ என்று பலர் கேட்பர். வாழைத்தண்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்குமேல் நீர். எரித்தால் அதனை உலர்த்துதற்கே வெப்பம் முழுதும் செலவாகும். காற்றுப்புகாத் தொட்டியில் நுண்ணுயிர்களைக்கொண்டு புளிக்கவைத்து எரிவளி எடுப்பதே தக்க வழி. நாரின் மிகுதியால் அதுவும் விரைவில் நிகழ்வதில்லை. தோகைமலைச் சாலையில் தாயனூர்ப் பக்கம் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993 முதல் இருக்கின்றது. நம் தோட்டத்துக் கழிவை நம் அடுப்புக்கு எரிவளியாக்கும் ஆராய்ச்சிக்கு இவ்வூர்ப் பிள்ளைகளினும் தக்கவர் எவர்?

இனி, ஓர் ஆசிரியரின் வரலாறு. இதனைப் படித்த நாள் முதல் எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. டென்மார்க்கு நாட்டில் ஆஸ்கோவ் என்னும் சிற்றூரில் குடியானவர் மக்களுக்கென நடந்த பள்ளி ஒன்று உண்டு. அதில் பௌல் லா கூர் என்பார் 1878 முதல் ஆசிரியர். நகரங்களில் மின்விளக்கு எரியத் தொடங்கிய காலம். சிற்றூர்கள் இருளில் இருந்தன. அவர் 1891 இல், பள்ளிக்கு அருகே அரசின் உதவியோடு காற்றாலை அமைத்து மின்சாரம் எடுத்தார். காற்று நின்றபோது என் செய்வது என்னும் சிக்கல் அவர்க்கும் எழுந்தது. மின்சாரத்தால் நீரைப் பிரித்து, வரும் ஐதரசனைச் சேர்த்துவைத்துப் பள்ளிக்கு விளக்கேற்றினார். அதில் சிறிது ஆக்சிசன் கலந்து வெடித்துப் பள்ளிச் சாளரக் கண்ணாடிகள் பலமுறை உடைந்தனவாம்! எம் பள்ளியில் ஒரு கண்ணாடி உடைந்தால் எழுத வேண்டிய விளக்கங்களை எண்ணி, அந்நாட்டு அதிகாரிகளின் பொறுமையை வியந்தோம்.

இறகுகள் பலவாயிருப்பதினும் சிலவாயிருந்து விரைந்து சுழல்வதே மின்சாரத்திற்கு ஏற்றது என்பதையும் அவர் சோதனையாற் கண்டார். இவற்றினும் பெரிது பின்னர் அவர் செய்தது. 1904 முதல் சிற்றூர் இளைஞர்க்கு மின்தொழில் வகுப்புகள் நடத்தினார். அவ்வகுப்பிற் பயின்ற யோகன்னசு யூல் என்பவர் அரை நூற்றாண்டு கழித்து, 1957 இல், கெட்சர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை எழுப்பினார். மூன்று இறகுகளையுடைய அவ்வமைப்பே பின்வந்த டென்மார்க்குக் காற்றாலைகளுக்கு வழிகாட்டியது. 1986 இல் இந்திய அரசு முதன்முதல் காட்சிக்காகக் காற்றாலைப் பண்ணைகள் நிறுவியபோது தேர்ந்த இடங்களுள் நம் தூத்துக்குடியும் ஒன்று. அங்கே நின்றவை 55 கிலோவாட் திறனுள்ள டென்மார்க்கு நாட்டு வெஸ்டாஸ் காற்றாலைகள். ஒரு நாட்டுப்புறப் பள்ளியில் ஒருவர் தொடங்கிய வகுப்பு எத்துணைத் தொலைவு வந்து சேர்ந்தது! இதே பொருளைப் படிக்க விரும்பிய ஒரு மாணாக்கனை யாம் திருப்பி அனுப்பினோம்.

எங்கே படிப்பது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆற்றலியலுக்கென ஒரு மையம் 1976 இலேயே தொடங்கிற்று. செருமனியின் ஓல்டன்பர்க்குப் பல்கலைக்கழகம் 1987 முதல் இதற்கு மேற்பட்ட வகுப்பு நடத்தி வருகின்றது. அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டா. நம் துவாக்குடியில், 1964 இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தோன்றி 2003 இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான நிலையத்தில், ஆற்றலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் தனித்துறை உண்டு. ஆற்றற் பொறியியலில் எம்.டெக். அங்குப் பயிலலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆற்றலியல் நிறுவனம் இருக்கின்றது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிர்க்கழிவும் எரிவளியும் சார்ந்த கல்வி சிறப்புடையது. காந்திகிராமத்தில் ஊரக நோக்கோடு பயிற்றுகின்றனர். சென்னைப் பள்ளிக்கரணையிற் காற்றாற்றலுக்கெனத் தேசிய நிறுவனமே உண்டு.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பெற்றோர்கள் ஊன்றிக் கேட்பீர்களாக. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனே, 'பசுமை', 'சூரிய' என்னும் அடைமொழிகளோடு புதிதாக வரும் பட்டங்களின் பெயரைக் கண்டு மயங்கற்க. முதற்பட்டம் மின்னியல், இயந்திரவியல், வேதிப்பொறியியல், வேளாண் பொறியியல் முதலிய அடிப்படைத் துறை ஒன்றிலோ, அன்றி இயற்பியலிலோ அமைதல் நன்று. சிறப்புக் கல்வி மேற்பட்டத்திற் போதும். அரசுப் பணி அறிவிப்புகளில் இன்ன துறைப் பட்டம் வேண்டும் என்று பெயர் குறித்தே கேட்கின்றனர். புதுப்பெயர்ப் பட்டம் அதற்கு ஈடானது என்னும் ஆணை இல்லையாயின் மனு தள்ளப்படும். புதுப்பெயர்ப் பட்டத்தையே விரும்புவோர், ஈடென்னும் ஆணை உண்டா, ஆய்வுக்கூடம் உண்டா, மாணாக்கர் கையாற் கருவியைத் தொடுகின்றனரா என்பவற்றைச் சேருமுன் கேட்டறிதல் வேண்டும். கட்டடத்தின் கண்ணாடியைப் பார்த்துப் பணம் கட்டியோர் நம்மிடையே உளர்.

இனிக் குழுவின் வினாக்கள். என்ன படிப்பு என்பதற்கு இதுகாறும் கூறினோம். சோறு கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் சர்க்கரைப் பொங்கல் என்று யாம் உறுதி கூறோம். கமுதியில் 2016 இல் நிறுவிய 648 மெகாவாட் சூரிய நிலையம் போன்றவை ஊரைவிட்டுத் தொலைவில் உள்ளன. கட்டும்போது ஆள் மிகுதியாக வேண்டும். கட்டி முடித்தபின் சிலரே போதும். பூட்டும் வேலையிற் கூலி குறைவு, ஒப்பந்தமும் நிலையற்றது. வடிவமைப்பு, மின்தொடரை நிருவகித்தல், சேமிப்பு, ஆராய்ச்சி ஆகியவற்றிலேயே படித்தவர்க்கு நிலைபேறு. தமிழ்நாட்டில் 2024 இல் மின்வாரியத்தைப் பிரித்தபோது பசுமை ஆற்றலுக்கெனத் தனிக் கழகம் அமைந்தது. அதே ஆண்டில் மைய அரசு ஒரு கோடி வீடுகளின் கூரையிற் பலகை பொருத்தும் திட்டத்தைத் தொடங்கி, 3 கிலோவாட்டும் அதற்குமேலும் பொருத்துவோர்க்கு 78,000 ரூபாய் வரை உதவி அறிவித்தது. திருவெறும்பூர்க் கொதிகலன் தொழிற்சாலையால் நம்மவர் இரண்டு தலைமுறை வாழ்ந்தனர். அவர்கள் கற்ற வெப்பவியல் வீண்போவதன்று; பயிர்க்கழிவை எரிக்கும் நிலையத்திற்கும் கொதிகலன் வேண்டுமன்றோ.

மூன்றாம் வினா பெண்பிள்ளை மாடியேறுதல் பற்றியது. முழங்காற் சேற்றில் நாற்று நடுதலும், வெயிலில் வாழைத்தார் சுமத்தலும் நம் பெண்டிர்க்குத் தகும் என்று எவரும் வினா எழுப்பாது விட்டோம். அளவுநாடாவோடு மாடியேறுதல் மட்டும் தகாதோ? அன்றியும் அவள் ஏறியதனாற்றான் பெரியவரின் பொறி மாற்றும் செலவு தப்பியது. இதனைக் கேள்வி கேட்டவர் இங்கு இருக்கின்றார். எம்மீது சினம் கொள்ளார் என்று நம்புகின்றோம். அவர் எமக்கு மாமன் முறை.

கேட் என்னும் நுழைவுத்தேர்வில் தகுதிபெற்று அரசின் ஏற்புடைய நிலையங்களில் எம்.டெக். பயில்வோர்க்குத் திங்கள்தோறும் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அப்பெண்ணும் அத்தகுதி பெற்றவளே. 'பின் நம்மிடம் ஏன் கேட்கின்றாள்?' எனின், சேர்க்கைக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் முதலிற் செலுத்துதற்குரியன. உதவித்தொகை பின்னர் வருவது. இடையில் உள்ள பள்ளத்தையே நம் சங்கம் நிரப்ப வேண்டும். தொகையைக் கடனாகவே கொடுத்தாலும் போதும் என்று அவள் மனுவின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கின்றாள். சென்ற கூட்டத்தில் முதற் பக்கத்தோடு நாம் நிறுத்திவிட்டோம். குழு வருகின்ற ஞாயிறன்று மீண்டும் கூடுகின்றது. உறுப்பினரல்லாதாரும் வந்து கருத்துரைக்கலாம் என்று காரியதரிசி அவர்கள் இசைந்துள்ளார்கள்.

இறுதியாக ஒரு செய்தி. யாம் கூறிய பெரியவர் தம் பலகைகளை இன்னும் இடம் மாற்றவில்லை. தென்னையை வெட்டவும் மனமில்லை என்கின்றார். அதுவும் நமக்கு நன்மையாயிற்று. இப்பொழுது மணி மூன்றேகால். பார்க்க விரும்புவோர் எம்முடன் வரலாம். வீடு அடுத்த தெருவில்தான். மட்டையின் நிழல் ஓரத்துப் பலகையைத் தொடுவதையும், கீழே பொறியில் எண் இறங்குவதையும் கண்ணாரக் காணலாம். அப்பெண்ணும் அங்கே நிற்கின்றாள். எமக்கு விளங்காதவற்றை அவளிடமே கேளுங்கள்.